மழை நாளில் பிள்ளைகளோடு தூண்டில்: புளூகில்லா, கிராப்பியா?

மினியாபொலிஸ் பக்கம் ஆண்டிலேயே அதிக மழை பெய்வது ஜூன் மாதத்தில். பள்ளிக்கூடங்கள் மூடுவதும், ஊரிலிருந்து தாத்தா பாட்டி வந்து இறங்குவதும், ஏரித் தண்ணீர் சூடேறி மீன்கள் கரைப் பக்கம் ஒதுங்குவதும் அதே ஜூனில்தான். அதனால் வெள்ளிக்கிழமை இரவு, "நாளைக்கு மழையாமே, மீன் பிடிக்கப் போறதா வேண்டாமா?" என்ற பேச்சு மினசோட்டாவில் உள்ள பல தமிழ் வீடுகளில் எழுகிறது. போகலாம் என்பதுதான் என் பதில். ஆனால் எந்த மழையில், எந்த மீனுக்கு (இங்குள்ள ஏரி மீன்களான புளூகில்லுக்கா, கிராப்பிக்கா), எங்கே நின்று என்பதைக் கிளம்பும் முன்பே முடிவு செய்துவிட வேண்டும். ஏரிக்கரையில் நனைந்துகொண்டு நின்று யோசித்தால் பிள்ளைகளின் பொறுமை அதற்குள் தீர்ந்துவிடும்.

மழையில் நல்லது எது

காற்றில்லாத தூறல், மூடிய வானம், 70 டிகிரி ஃபாரன்ஹீட்டை ஒட்டிய வெப்பம். இப்படி ஒரு காலை அமைந்தால் வெயில் கொளுத்தும் நண்பகலைவிட அதுவே மேல். தூறல் நீர்ப்பரப்பைக் கலைத்துவிடுவதால் கரையில் நிற்கும் நம் உருவமும் நிழலும் மீனுக்குத் தெளிவாகத் தெரியாது. மரக்கிளைகளிலிருந்து பூச்சிகள் தண்ணீரில் உதிரும். அவற்றைத் தின்னப் புளூகில் மேலே வரும். கிராப்பி வெளிச்சத்துக்கு ஒதுங்கும் மீன். வழக்கமாக அந்தி சாயும் வரை ஆழத்திலோ பாசி ஓரத்திலோ கிடக்கும் அது, வானம் இருண்ட நாளில் பகலிலேயே ஆழம் குறைந்த இடத்துக்கு நகர்ந்து இரை தேடும். மழை மேகம் திரண்டு வரும் அந்தச் சில மணி நேரத்தில் இரண்டு மீனும் நன்றாகக் கடிக்கும் என்று இங்கே தூண்டில் போடுகிற பெரியவர்கள் எல்லோரும் சொல்வார்கள். மழை போய், வானம் பளிச்சென்று நீலமாகி, வடக்கிலிருந்து குளிர்ந்த காற்று அடிக்கும் மறுநாள்தான் சோர்வான நாள். ஆகவே "மழை விட்டதும் போகலாம்" என்று ஞாயிறுக்குத் தள்ளிப்போடுவது பல நேரங்களில் தலைகீழான முடிவாகிவிடும்.

மே மாதத் தொடக்கத்து மழையின் கதை வேறு. அது ஐஸ் உருகி அதிக நாள் ஆகாத ஏரியின் மேல் பெய்யும் குளிர்ந்த மழை. கரையோரத்து ஆழமற்ற தண்ணீர்தான் முதலில் சூடேறும், முதலில் குளிர்வதும் அதுதான். குளிர்ந்தவுடன் மீன்கள் மறுபடி ஆழத்துக்கு இறங்கிவிடும். பிள்ளைகளின் விரல்களும் மரத்துப்போகும். அந்த மழைக்கு வீட்டில் பஜ்ஜி போட்டுக்கொண்டு இருக்கலாம்.

கொட்டித் தீர்க்கும் மழையும் வேண்டாம். ஓடைகளும் சாலைக் குழாய்களும் கொண்டுவந்து கொட்டும் சேற்றுநீரால் ஏரி கலங்கிவிடும். இந்த இரண்டு மீனும் கண்ணால் பார்த்து இரை பிடிப்பவை.

இடி கேட்டால் இந்தக் கட்டுரையின் மற்ற ஒப்பீடு எதுவும் பொருட்டல்ல, கிளம்பிவிட வேண்டும். அமெரிக்காவில் பொழுதுபோக்காக வெளியே போனவர்களில் மின்னல் தாக்கி இறந்தவர்களின் பட்டியலைத் தேசிய வானிலைச் சேவை தொகுத்தபோது, மீன் பிடிக்கப் போனவர்களே முதலிடத்தில் இருந்தார்கள். திறந்த நீர்ப்பரப்பு, ஓடி ஒதுங்கத் தூரம், "இன்னும் ஒரே ஒரு மீன்" என்று தங்கிவிடும் மனசு, எல்லாம் சேர்ந்த இடம் அது. இன்று கடைகளில் விற்கும் கிராஃபைட் தூண்டில் கோல் மின்சாரத்தைக் கடத்தும். ஏரிப் பூங்காவில் நாலு தூண் வைத்துக் கூரை போட்ட பிக்னிக் கொட்டகை மழைக்கு மறைப்பு, மின்னலுக்கு மறைப்பே இல்லை. நாலு பக்கமும் சுவர் உள்ள கட்டடம், இல்லையென்றால் உலோகக் கூரை போட்ட கார், இந்த இரண்டுதான் பாதுகாப்பு. கடைசி இடி கேட்டதிலிருந்து 30 நிமிடம் காத்திருக்க வேண்டும் என்பது விதி. ஈரத்துணியோடு சின்னப் பிள்ளைகளைக் காருக்குள் அரைமணி உட்கார வைப்பதைவிட வீட்டுக்கே திரும்பிவிடலாம். வானிலை முன்னறிவிப்பில் இடி என்ற சொல் காலையிலேயே இருந்தால் நான் கிளம்புவதே இல்லை.

எந்த மீனுக்கு

இதுதான் பெரிய கேள்வி. ஏரியில் கிராப்பி பிடிப்பவர்கள் புளூகில்லைக் குழந்தைகள் சமாச்சாரம் என்று ஒதுக்குவதைக் கேட்டிருக்கலாம். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. மழை நாளில், பத்து வயதுக்குக் கீழே ஒரு பிள்ளையாவது கூட வருகிறது என்றால், புளூகில்தான்.

காரணத்தைத் தக்கையிலிருந்தே சொல்லலாம். புளூகில்லுக்கு வாய் மிகச் சிறியது, ஆனால் துணிச்சல் அதிகம். இரையைக் கண்டதும் கூட்டமாக வந்து கொத்தும். தக்கை நடுங்கும், குதிக்கும், பக்கவாட்டில் ஓடும், பிறகு விருட்டென்று உள்ளே போகும். ஐந்து வயதுக் குழந்தைக்குக்கூட அது புரியும். கிராப்பி அப்படி இல்லை. அது பெரும்பாலும் கீழிருந்து மேல்நோக்கி வந்து இரையை வாங்கும். அதன் கண்களே மேலே பார்க்க வாகாக அமைந்தவை. இரையோடு மேலே எழும்போது ஈயக் குண்டின் பாரம் குறைந்து, நிமிர்ந்து நின்ற தக்கை படுத்துக்கொள்ளும். உள்ளே போகாமல் சாய்கிற தக்கையைக் கடி என்று அடையாளம் காணப் பழகிய கண் வேண்டும். மழைத்துளிகள் நீர்ப்பரப்பெல்லாம் குமிழியிடும்போது பெரியவர்களே அதைத் தவறவிடுவார்கள்.

அடுத்தது வாய். கிராப்பியின் வாய் காகிதம் போன்ற மெல்லிய தோல். குழந்தை ஆர்வத்தில் வெடுக்கென்று இழுத்தால் தூண்டில் முள் தோலைக் கிழித்துக்கொண்டு வந்துவிடும், மீன் போய்விடும். கோலை மெல்லத் தூக்கி, தூண்டில் நரம்பு தளராமல் ஒரே சீராகச் சுற்ற வேண்டும். புளூகில் வாயைக் கெட்டியாக மூடி, தன் தட்டையான உடம்பைத் தண்ணீருக்குக் குறுக்கே திருப்பி வட்டமடித்து இழுக்கும். முக்கால் அடி நீளம்கூட இல்லாத மீன் அந்த இழுப்பு இழுப்பது எனக்கு இன்றும் வியப்பு. முள் அவ்வளவு சீக்கிரம் கழன்றுவிடாது என்பதால் பிள்ளை செய்யும் தப்புகளை அது பொறுத்துக்கொள்ளும்.

கிராப்பிக்கும் அதன் நேரம் உண்டு. அது கும்பலாக அலையும் மீன். கும்பல் எந்த ஆழத்தில் நிற்கிறது என்று கண்டுபிடித்துவிட்டால் ஒன்றன்பின் ஒன்றாக வரும். கண்டுபிடிக்கவில்லை என்றால் காலை முழுக்கத் தக்கை அசையாது. பன்னிரண்டு பதின்மூன்று வயதுப் பிள்ளைக்கு இந்தத் தேடலே சுவாரசியம்: நரம்பில் தக்கையை நிறுத்தும் முடிச்சை நகர்த்தி நாலடியில் போடு, கடிக்கவில்லையா, ஆறடியில் போடு, எட்டடியில் போடு. மூத்த பிள்ளையை மட்டும் தனியே அழைத்துக்கொண்டு, தூறலோடு மங்கிய மாலையில் போவதாக இருந்தால் நான் கிராப்பியைத் தேர்ந்தெடுப்பேன். அந்த வயதில் அப்பாவோ அம்மாவோ தன்னோடு மட்டும் இரண்டு மணி நேரம் நிற்பது பிள்ளைக்குப் பெரிய விஷயம்.

பருவத்தையும் பாருங்கள். தண்ணீர் 60 டிகிரியைத் தாண்டியதும் முதலில் கரைக்கு வந்து முட்டையிடுவது கிராப்பி. அதற்குப் பின்னால், இன்னும் சூடேறியதும் புளூகில் வரும். ஆண் புளூகில் வாலால் மணலை விசிறி வட்டத் தட்டு போலக் கூடு பறிக்கும். ஒன்றை ஒட்டி ஒன்றாகப் பத்து இருபது கூடுகள், முழங்கால் ஆழத் தண்ணீரிலேயே இருக்கும். ஆகவே மே கடைசி வரை கிராப்பிக்குக் கை ஓங்கியிருக்கும். ஜூன் பாதியிலிருந்து புளூகில்லின் ராஜ்ஜியம். ஜூலை, ஆகஸ்டில் பெரிய கிராப்பிகள் ஆழத்துக்குப் போய்விடுவதால் படகில்லாமல் எட்டுவது கடினம்.

இரண்டையும் பிரித்தறிவது எளிது. புளூகில்லின் செவுள் மூடி ஓரத்தில் கறுப்பு மடல் ஒன்று காது போல நீட்டிக்கொண்டிருக்கும். கிராப்பி வெள்ளி நிறத்தில் கரும்புள்ளிகளோடு, பெரிய வாயோடு இருக்கும். எது எது என்று பிள்ளைகளுக்கும் தெரிந்திருப்பது நல்லது. ஒருவர் எத்தனை வைத்துக்கொள்ளலாம் என்ற வரம்பு இரண்டுக்கும் வேறு.

எங்கே நின்று

மீன்பிடி மேடை, கரை, படகு. மழை நாளில் என் வரிசையும் இதுதான்.

மினசோட்டா இயற்கை வளத் துறையும் ஊராட்சிகளும் சேர்ந்து ஏராளமான ஏரிகளில் மேடைகள் கட்டியிருக்கின்றன. மினியாபொலிஸ் நகருக்குள்ளேயே பிடே மக்கா ஸ்கா, நோகோமிஸ் ஏரிகளில் இருக்கின்றன. செயின்ட் பாலில் ஃபேலன் ஏரியில் இருக்கிறது. கைப்பிடிக் கம்பி உண்டு, சக்கர நாற்காலி போகும் அளவுக்குச் சமதளம் உண்டு, கார் நிறுத்துமிடம் பெரும்பாலும் பக்கத்திலேயே. ஊரிலிருந்து வந்த தாத்தாவுக்கு முட்டிவலி என்றாலும் ஒரு மடக்கு நாற்காலியோடு வந்து குடையைப் பிடித்துக்கொண்டு உட்காரலாம். மேடையின் நிழலும் தூண்களும் புளூகில்லுக்கு வீடு மாதிரி என்பதால் தூரமாக எறியக்கூட வேண்டாம், காலடியிலேயே இறக்கினால் போதும். ஒரே கவலை, நனைந்த பலகை வழுக்கும். செருப்போடு ஓடவிடாதீர்கள்.

மினியாபொலிஸ், செயின்ட் பால் என்ற இரட்டை நகரத்துக்குள் சின்னக் குளங்களைத் தேர்ந்தெடுத்து, புளூகில்லும் கிராப்பியும் விட்டு, அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் பிடிப்பதற்கென்றே அந்தத் துறை ஒரு திட்டமும் நடத்துகிறது. வீட்டிலிருந்து பத்து நிமிடத் தூரத்தில் அப்படியொரு குளம் இருந்தால் மழை நாளுக்கு அதைவிடப் பொருத்தம் வேறில்லை. மழை வலுத்தால் திரும்பிவிடலாம், நாள் வீணாகாது.

கரையில் இடம் தாராளம். ஆனால் மழையில் சேறு, முதுகுக்குப் பின்னால் மரக்கிளை, அதில் சிக்கும் நரம்பு. பிள்ளை ஒன்று என்றால் சமாளிக்கலாம்.

படகை நான் மழை நாளில் குடும்பத்துக்குப் பரிந்துரைப்பதில்லை. கிராப்பிக் கும்பலைத் தேடிப் போகப் படகுதான் வசதி என்பது உண்மை. நண்பரின் கூரை போட்ட பான்டூன் படகு (மிதவைகள் மேல் தட்டையான தளம் வைத்தது) கண்ணுக்கு ஆசையாகவும் இருக்கும். ஆனால் இடி கேட்ட பிறகு அது கரை சேர எவ்வளவு நேரமாகும் என்று கணக்குப் போடுங்கள். அந்தத் துணிக் கூரை மின்னலைத் தடுக்காது. போயே ஆக வேண்டும் என்றால், ஓடும் படகில் பத்து வயதுக்குக் கீழான பிள்ளைகள் மிதவைச் சட்டை அணிந்திருக்க வேண்டும் என்பது இந்த மாநிலச் சட்டம். மழைக்கோட்டுக்கு மேலே அது பொருந்துகிறதா என்று வீட்டிலேயே போட்டுப் பார்த்துவிடுங்கள்.

இரையும் கருவியும்

புளூகில்லுக்கு மண்புழு. முழுப் புழுவைக் கோர்க்காதீர்கள். அரை அங்குலத் துண்டு, 8 அல்லது 10 எண் முள். புழு பெரிதானால் மீன் ஓரத்தைக் கடித்துக்கொண்டு ஓடிவிடும், முள் வாய்க்குள் போகாது. முள்ளின் தண்டு நீளமாக இருந்தால் ஈரக்கையோடு கழற்ற எளிது. கிராப்பிக்கு உயிருள்ள சின்ன மின்னோ மீன் முதல் தரம். அதற்கு வாளி வேண்டும், தண்ணீர் சூடாகாமல் பார்க்க வேண்டும், வழுக்கும் மீனைப் பிடித்து முள்ளில் கோர்க்க வேண்டும். மழையில் இத்தனை வேலையும் அம்மா அப்பா தலையில்தான் விழும். அதற்குப் பதில் 1/32 அவுன்ஸ் ஜிக் (ஈயத் தலை வைத்த முள்ளில் போலி இரை) ஒன்றைத் தக்கைக்குக் கீழே கட்டிவிட்டால் இரை கோர்க்கும் தொல்லை இல்லை, புளூகில்லும் சில சமயம் அதை எடுக்கும். புழுவைத் தொட மாட்டேன் என்கிற பிள்ளைக்கு ஜிக்தான் சமரசம்.

தக்கை மெலிந்ததாக, ஆரஞ்சோ பளபளக்கும் மஞ்சளோ ஆக இருக்கட்டும். கடைகளில் கிடைக்கும் சிவப்பு வெள்ளைப் பெரிய பந்து வேண்டாம். சின்ன மீனால் அதை உள்ளே இழுக்க முடியாது.

மிச்சமான புழுவை என்ன செய்வது என்பதில் நம் ஊர்ப் பழக்கம் இங்கே பொருந்தாது. மண்புழு உழவனின் நண்பன் என்று படித்து வளர்ந்தவர்கள் நாம். டப்பாவில் மிஞ்சியதை மரத்தடியில் கொட்டுவது புண்ணியம் என்றே தோன்றும். மினசோட்டாவில் மண்புழுக்கள் பூர்வீக உயிர்கள் அல்ல. பனியுகத்துக்குப் பிறகு இந்தக் காடுகள் புழு இல்லாமலேயே வளர்ந்தவை. ஐரோப்பியக் குடியேறிகளோடு வந்த புழுக்கள், காட்டுத் தரையின் இலைமெத்தையைத் தின்று தீர்க்கின்றன. அந்த மெத்தையை நம்பி முளைக்கும் காட்டுப்பூக்களும் மரக்கன்றுகளும் அற்றுப்போகின்றன. ஆகவே மிச்சப் புழு குப்பைத்தொட்டிக்கு. மிச்ச மின்னோவும் குப்பைக்குத்தான், ஏரியில் விடக்கூடாது. வாளித் தண்ணீரையும் ஏரியை விட்டுக் கிளம்பும் முன் தரையில் கொட்டிவிட வேண்டும். இதைப் பிள்ளைகளிடம் காரணத்தோடு சொல்லுங்கள், அவர்கள் நம்மைவிட உறுதியாகக் கடைப்பிடிப்பார்கள்.

உடைக்கு ஒரே வரி: பருத்தி வேண்டாம், மழைக்கோட்டோடு மழைக் கால்சட்டையும் வேண்டும், முழுச் செட் மாற்றுடை காரில் இருக்கட்டும். பிளாஸ்கில் சூடான மிளகு ரசம் கொண்டுபோனால் பாட்டியும் பிள்ளைகளும் இன்னும் அரைமணி தாங்குவார்கள்.

கோலை யார் பிடிப்பது

இந்த மாநிலத்தில் வசிக்கும் 16 வயதுக்குக் கீழான பிள்ளைகளுக்கு உரிமம் தேவையில்லை. பெரியவர்கள் கோலைத் தொட்டு மீன் பிடித்தால் உரிமம் வேண்டும். விருந்தாக வந்த தாத்தாவுக்கு ஆசை வந்துவிட்டால் வெளியூர்க்காரருக்கான 24 மணி நேர, 72 மணி நேர உரிமங்கள் இருக்கின்றன, இணையத்திலேயே எடுக்கலாம். "சும்மா ஒரு நிமிஷம் பிடிங்கப்பா" என்று கையில் கொடுத்துவிடாமல் அவருக்கும் ஒன்று எடுத்துவிடுங்கள். கிராமத்துக் கண்மாயில் மூங்கில் கம்பால் பிடித்தவருக்கு நீங்கள் சொல்லித்தர ஒன்றும் இருக்காது, அவர்தான் பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லித்தருவார்.

அப்பா அம்மா தங்களுக்கென்று ஒரு கோல் போடலாமா? புளூகில் நாளில் வேண்டாம் என்பேன். இரண்டு பிள்ளைகள், ஆளுக்கொரு கோல் என்றாலே புழு கோர்க்க, சிக்கெடுக்க, மீன் கழற்ற உங்கள் இரு கையும் போதாது. மீனைப் பிடிக்கும்போது கையை நனைத்துக்கொண்டு, தலைப் பக்கமிருந்து பின்னோக்கித் தடவி முதுகு முட்களைப் படுக்க வைத்துப் பிடிக்க வேண்டும். அந்த முட்கள் குத்தினால் நன்றாகவே வலிக்கும்.

எதை வைத்துக்கொள்வது, எப்படிச் சமைப்பது

மாநிலத்தின் பொது வரம்பு ஒருவருக்குச் சன்ஃபிஷ் வகை (புளூகில் இதில்தான் அடங்கும்) 20, கிராப்பி 10. பல ஏரிகளில் அதைவிடக் குறைவு. குறிப்பாகப் புளூகில்லுக்கு 2021 முதல் மேலும் பல ஏரிகளில் வரம்பை 5 அல்லது 10 ஆகக் குறைத்திருக்கிறார்கள், அதற்குப் பின்னால் நல்ல காரணம் இருக்கிறது. கூட்டைக் காக்கும் பெரிய ஆண் மீன்கள் இருக்கும்வரை, சின்ன ஆண்கள் போட்டிக்கு வராமல் உடம்பை வளர்ப்பதிலேயே சத்தைச் செலவிடும். பெரியவற்றை நாம் வாரிக்கொண்டு போய்விட்டால், சின்னவை வளர்ச்சியை விட்டுவிட்டுச் சீக்கிரமே இனப்பெருக்கத்தில் இறங்கிவிடும். பிறகு அந்த ஏரியில் உள்ளங்கைக்கு மேல் பெரிய மீனே பார்க்க முடியாது. ஆகவே எட்டு அங்குலத்துக்கு மேற்பட்ட புளூகில்லைப் பிள்ளையோடு படம் எடுத்துவிட்டுத் தண்ணீரில் விடுங்கள். ஆறேழு அங்குலத்தை வைத்துக்கொள்ளுங்கள்.

மீனின் சதையில் சேரும் பாதரசக் கணக்கில் இரண்டும் குறைந்த வகைதான். இருந்தாலும் சிறு பிள்ளைகளும் கர்ப்பிணிகளும் இவற்றை வாரம் ஒருமுறை அளவில் உண்ணலாம் என்பதே மாநிலச் சுகாதாரத் துறையின் பொது அறிவுரை. நகர்ப்புறத்து ஏரிகள் சிலவற்றில் வேதிமாசு காரணமாக இன்னும் கடுமையான வரம்பு உண்டு. இயற்கை வளத் துறையின் லேக்ஃபைண்டர் பக்கத்தில் ஏரியின் பெயரைத் தட்டினால் வரம்பும் அறிவுரையும் வந்துவிடும். கிளம்பும் முன் பார்த்துவிடுங்கள்.

சமையலறையில் எனக்குப் புளூகில் ஒரு படி மேல். சதை கெட்டி, லேசான இனிப்பு, குழம்பில் கொதித்தாலும் உடையாது. செதில் சீவி, குடல் எடுத்து, தலையை நீக்கி முழுசாகவே மிளகாய்த்தூள், மஞ்சள்தூள், எலுமிச்சை தடவி, ரவையில் புரட்டித் தோசைக்கல்லில் போடலாம். பிள்ளைகளுக்கு முள் பயம் என்றால் சதையைத் தனியே அறுத்தெடுக்க வேண்டியதுதான். ஒரு மீனுக்கு இரண்டே சின்னத் துண்டு தேறும், பொறுமை வேண்டும். கிராப்பியில் துண்டு பெரிது, வேலை குறைவு, சதை மட்டும் இளக்கம். குழம்பில் போட்டால் கரைந்துவிடும். அரிசி மாவும் சோள மாவும் கலந்து மொறுமொறுப்பாகப் பொரிக்க அதற்கு இணையில்லை. இரண்டும் கிடைத்த நாளில் கிராப்பியை அன்று இரவே பொரித்துவிட்டு, புளூகில்லை உப்பும் மஞ்சளும் தடவிக் குளிர்பெட்டியில் வைத்து, மறுநாள் மதியம் புளி கரைத்துக் குழம்பு வையுங்கள்.